மோடம் போட்டிருந்த கம்பளித் தொப்பி

என் அலமாரியின் மேல்தட்டில், மடித்த சேலைகளுக்கு நடுவே, ஒரு குழந்தையின் கம்பளித் தொப்பி இருக்கிறது. சிவப்பு நிறம், உச்சியில் வெள்ளைக் குஞ்சம், காதை மூடிக்கொள்ள இரண்டு பக்கமும் தொங்கல், தாடைக்குக் கீழே முடிச்சுப் போட நாடா. வருஷத்துக்கு ஒருமுறை அலமாரியை ஒழிக்கும்போது அதை எடுத்து உதறி, அந்துருண்டை மாற்றி, மறுபடி அங்கேயே வைத்துவிடுவேன். பார்ப்பவர்கள், "உங்க பிள்ளையோட தொப்பியா?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் அதைப் போட்டதில்லை. வேறு எந்தக் குழந்தையும் போட்டதில்லை. ஒரே ஒரு மழைக்காலத்தில் அதைப் போட்டிருந்தது ஒரு மோடம்.

மோடம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். டெலிபோன் லைன் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஃபைல் அனுப்ப அப்போது இருந்த பெட்டி அது. முகத்தில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள் மினுங்கும். லைன் கிடைக்கும்போது வயிற்றுவலி வந்த பூனை மாதிரி ஒரு சத்தம் போடும். நான் வேலை பார்த்த அலுவலகம் குன்னூரில் தேயிலை ஏலத்துக்குத் தரகு பார்க்கும் அலுவலகம். பக்கத்து அறையில் பெரியவர்கள் தேநீரை உறிஞ்சி, சுவை பார்த்து, துப்பிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தவத்தை மோடத்தின் சத்தம் கலைக்கிறது என்று அடிக்கடி ஆள் வந்து புகார் சொல்வான். சத்தத்தை நிறுத்திவிடவும் முடியாது. சத்தத்தைக் கேட்டே லைன் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பார் எங்கள் சிஸ்டம் சார்.

சிஸ்டம் சார் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். கோயம்புத்தூர்க்காரர். ஒல்லியான ஆள். உட்கார்ந்திருக்கும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டேயிருக்கும். நல்ல மனசு, பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. நாம் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பாதியிலேயே அவர் முடித்துவிடுவார். "சார், நாளைக்கு எனக்கு..." என்றால், "லீவுதானே அம்மிணி, எடுத்துக்கங்க" என்பார். நான் கேட்க வந்தது பிரிண்டருக்கு ரிப்பனாக இருக்கும். கேன்டீன் பையன் தட்டில் சோறு போட்டதுமே பிசைய ஆரம்பித்துவிடுவார். குழம்பு வரும்போது பாதிச் சோறு உள்ளே போயிருக்கும். அவருடைய மனைவி இதை நேரில் பார்த்தால் என்ன சொல்வார் என்று நான் கேலி செய்வேன். "அவ பாக்கறக்குத்தான் இங்க இல்லீங்களே" என்பார் சிரித்துக்கொண்டே. சிரிப்பு மட்டும் சீக்கிரம் நின்றுவிடும்.

மனைவியும் மகளும் கோயம்புத்தூரில், மாமனார் வீட்டில். அந்த அம்மா அங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். குழந்தைக்குக் கைக்குழந்தையிலிருந்தே வீசிங். மலைக்குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சார் மட்டும் குன்னூரில், பெட்ஃபோர்டு பக்கம் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடமிருந்து போன் வரும். என் மேஜையும் அவர் மேஜையும் ஒட்டினாற்போல் இருந்தன, போன் பொது. கேட்டுக்கொண்டே எழுதவும் தட்டவும் வசதியாக அதில் ஸ்பீக்கர் இருந்தது. சார் அதை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார், கை சோற்றில் இருக்குமே. அதனால் அவர்கள் பேச்சு முழுக்க எனக்கும் கேட்கும். எழுந்து போகலாம் என்றால், "உக்காருங்க அம்மிணி, என்ன ரகசியமா பேசறோம்" என்பார். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவார்: நீங்கள் இங்கே வந்துவிடக் கூடாதா? சாரும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: இங்கே இருக்கிற வேலை கீழே எவன் தருவான்? குழந்தைக்கு நாலு வயது முடிந்திருந்தது. அப்பா என்றால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கள்கிழமை விடிவதற்குள் போய்விடுகிற ஒரு ஆள். எல்லோரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்கிற ஆசை இரண்டு பேருக்கும் இருந்தது. எந்த ஊர் என்பதில்தான் இழுபறி.

அப்போது தேயிலைக்குக் கெட்ட காலம். ஏலத்துக்கு ஏலம் விலை இறங்கிக்கொண்டே வந்தது. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்குக் காணாது என்று சிறு விவசாயிகள் பலர் தோட்டத்தைப் பறிக்காமலே விட்டார்கள். இடுப்புயரம் இருக்க வேண்டிய செடிகள் ஆளுயரத்துக்கு மரமாகி நின்றன. கடைவீதியில் என் அப்பாவின் மளிகைக்கடையில் பிஸ்கட் டின்கள் தூசி படிந்து கிடந்தன. எங்கள் அலுவலகத்தில் அடுத்து யார் தலை உருளும் என்ற பேச்சுத்தான். அந்த நேரத்தில்தான், ஆட்களைக் குறைத்தாலும் வேலை நடக்க வேண்டும் என்று, சார் தன் ஆட்டோமேட்டிக் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்.

அதற்கு முன்னால் ஏலத்துக்கு வரும் தேயிலையின் விவரத்தை ஒவ்வொரு ஃபேக்டரியும் போனில்தான் சொல்லும். எந்த ரகம், எத்தனை மூட்டை, என்ன எடை என்று அங்கிருந்து ஒருவர் வாசிப்பார், நான் எழுதிக்கொள்வேன். வாசித்து முடித்ததும் அவர்கள் போனை வைத்துவிட மாட்டார்கள். "அவ்வளவுதானுங்க. வெச்சரட்டுங்களா?" என்று கேட்பார்கள். நான், "வெய்ங்க" என்று சொன்ன பிறகுதான் வைப்பார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்களிடம் இன்றைக்கும் இருக்கிற பழக்கம் இது. கேட்காமல் வைத்தால் மூஞ்சியில் கதவைச் சாத்தின மாதிரி. அந்த "வெய்ங்க" சொல்கிற வரைக்கும் நான் தாளை டைப்பிங்குக்குக் கொடுக்க மாட்டேன். "இருங்க இருங்க, இன்னொண்ணு உட்டுப்போச்சு" என்று கடைசி நேரத்தில் ஒரு ரகம் வருவது சகஜம்.

சாரின் ஏற்பாட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஃபேக்டரிக்காரர்கள் கம்ப்யூட்டரில் விவரத்தை ஏற்றி மோடம் வழியாக அனுப்ப வேண்டும். இங்கே ஒரு புரோகிராம் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கும். புது ஃபைல் வந்தது தெரிந்தால் உடனே அதை எடுத்து, பிரித்து, ஏலப் பட்டியலில் சேர்த்துவிடும். யாரும் தொட வேண்டாம். "நீங்க டீ குடிக்கப் போயிட்டு வர்றதுக்குள்ள பட்டியல் ரெடி அம்மிணி" என்றார் சார். நன்றாகத்தான் ஓடியது. முதல் மாதம் அவர் தரையில் நடக்கவேயில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சல் ஒன்று வந்தது. மனைவி அனுப்பியது. சார் வழக்கம்போல நின்றபடியே பிரித்தார். முறுக்கு, நிலக்கடலை உருண்டை, அதற்கடியில் இந்தச் சிவப்புத் தொப்பி. அதை விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். "பாருங்க, பாப்பா தொப்பியத் தவறிப்போய் இதுக்குள்ள போட்டு அனுப்பியிருக்கா. கோயமுத்தூர் வெயில்ல இவளுக்கு எதுக்குங்க கம்பளித் தொப்பி?" என்று சிரித்தார். அந்நேரம் பார்த்து மோடம் கத்த, பக்கத்து அறை ஆள் எட்டிப் பார்க்க, சார் தொப்பியைக் கொண்டுபோய் மோடத்துக்கு மாட்டிவிட்டார். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. சத்தமும் பாதியாக அடங்கியது. நாடாவை முடிச்சுப் போட்டு, "சளி புடிக்காம இருக்கோணும் சாமி" என்று அதைத் தட்டிக்கொடுத்தார். அலுவலகமே சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சில நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாவின் போன் வந்தது. அன்றைக்கு மேலிடத்திலிருந்து ஆட்குறைப்பு பற்றி ஏதோ கேட்டிருந்தார்கள். சார் காலையிலிருந்தே கடுப்பில் இருந்தார். ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் வழக்கத்தைவிட மெதுவாக, பார்த்துப் பார்த்து அடுக்கின மாதிரி வந்தது.

"ஏனுங்க, இப்படி ஆளுக்கொரு பக்கம் கெடந்து பட்டதெல்லாம் போதுமுங்க. ஒரே ஊட்டுல இருந்தரலாமுன்னு நான் ஒண்ணு..."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

"நாளைக்குள்ள சொல்லோணுமுங்க, அதான்..."

"நாளைக்கும் இல்ல, நாளான்னைக்கும் இல்ல. முடியாது. முடியாதுன்னா முடியாதுதான். எனக்கு வேலை கெடக்குது."

அழுத்தி வைத்துவிட்டார். வெச்சரட்டுமா என்று அந்த அம்மா கேட்கவில்லை; கேட்க நேரமில்லை. மறுநாள் போன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. "கோவம். தானா எறங்கீரும்" என்றார் சார். வந்த பிறகும் அது தினசரிப் போனாக இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் தேவலை, கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்று தந்தி வாசிப்பதைப்போல நாலு வார்த்தை. பழைய கேள்வியை அந்த அம்மா அதன்பிறகு கேட்கவேயில்லை. சாருக்கு அது நிம்மதியாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பிறகுதான் குந்தாப் பக்கத்து ஃபேக்டரியின் மேனேஜர் மழையில் நனைந்துகொண்டு எங்கள் அறைக்குள் வந்து நின்றார். வயதானவர், சாதுவான மனிதர். அந்த வார ஏலப் பட்டியலில் அவர் அனுப்பிய தேயிலையில் பாதிதான் ஏறியிருந்தது. மீதி குடோனில் கிடந்தது. விலை வாராவாரம் இறங்குகிற நேரத்தில் ஒரு ஏலத்தைத் தவறவிடுவது சின்ன விஷயமில்லை. அவருக்குப் பச்சைத் தேயிலை கொண்டுவந்து போடுகிற விவசாயிகள் பணம் கேட்டு ஃபேக்டரி வாசலில் வந்து நிற்பார்கள். அவர் வாயைத் திறந்ததுமே சார், "நீங்க அனுப்பினதே அவ்வளவுதானுங்க, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது" என்று ஆரம்பித்தார். அந்தப் பெரியவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, நான் இன்னும் பேசியே முடிக்கலீங்களே. உங்க மிசினும் உங்கள மாதிரியேங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். சார் சிரிக்கவில்லை. உட்கார்ந்து தேட ஆரம்பித்தார். ஃபைல் முழுசாகவே வந்திருந்தது. ஒரு வரி குறையவில்லை. ஆனால் பட்டியலில் பாதிதான். சாயந்தரத்துக்குள் விஷயம் பிடிபட்டது. ஃபைல் என்பது ஒரே மூச்சில் வந்து விழுகிற பொருள் இல்லை. போன் லைனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டிச் சொட்டி வரும். அதன் பெயர் மட்டும் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடும். பெயரைப் பார்த்ததும் எங்கள் புரோகிராம் பாய்ந்து, அதுவரை வந்ததை அள்ளிக்கொண்டு வேலையை முடித்துவிடும். லைன் நன்றாக இருந்தவரை வித்தியாசம் தெரியவில்லை. மழையில் குந்தா லைன் ஆமையாக நகர்ந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. "குழம்பு வர்றதுக்கு முன்னாடியே பெசஞ்சிருக்குதுங்க சார்" என்றேன். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சரிசெய்ய என்னென்னவோ செய்து பார்த்தார். பெயர் வந்த பிறகு சற்று நேரம் பொறுத்து எடு என்று புரோகிராமுக்குச் சொன்னார். நல்ல மழையில் அந்த நேரமும் போதவில்லை. ஃபைல் வளர்வது நின்றுவிட்டதா என்று பார்த்து எடு என்றார். லைன் நடுவில் மூச்சு வாங்கி நின்றால், முடிந்துவிட்டது என்று அது ஏமாந்தது. சொல்கிறவன் வாயிலிருந்தே முடிந்தது என்று வராமல், கேட்கிறவன் எப்படித்தான் கண்டுபிடிப்பது? இதை அவர் ஒரு மத்தியானம் தலையைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே கேட்டார். அந்நேரம் கம்ப்யூட்டர் இல்லாத ஒரு சின்ன ஃபேக்டரியிலிருந்து எனக்குப் போன். வாசித்தார்கள், எழுதினேன். "அவ்வளவுதானுங்க, வெச்சரட்டுங்களா?" என்றது ஸ்பீக்கர். "வெய்ங்க" என்றேன். சாரின் ஆடுகிற கால் அப்படியே நின்றது.

மறுநாளே எல்லா ஃபேக்டரிக்கும் சொல்லிவிட்டார். முதலில் விவரம் உள்ள ஃபைலை அனுப்புங்கள். அது முழுக்கப் போய்ச் சேர்ந்த பிறகு, உள்ளே ஒன்றுமே இல்லாத இன்னொரு குட்டி ஃபைலை அனுப்புங்கள். அந்தக் குட்டிக்கு 'வெய்' என்று பெயர் வையுங்கள். பெரிய ஃபைலை எங்கள் புரோகிராம் கண்ணால் பார்த்தாலும் தொடாது. 'வெய்' வந்த பிறகுதான் கை வைக்கும். ஒன்றுமே இல்லாத ஃபைலை எதற்கு அனுப்ப வேண்டும் என்று கிளார்க்குகள் முதலில் முனகினார்கள். பிறகு, "வெய் வந்துருச்சுங்களா?" என்று விசாரிப்பது மலை முழுக்கப் பேச்சுவழக்காகிவிட்டது. அதன்பிறகு ஒரு ஃபேக்டரியின் தேயிலைகூடப் பாதியில் நிற்கவில்லை.

அது சரியாக ஓடியதைப் பார்த்த அன்று மதியம், சார் தானாகவே வீட்டுக்குப் போன் செய்தார். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். குரலில் குழந்தை மாதிரி ஒரு உற்சாகம். "இன்னைக்கு நான் குறுக்க பேச மாட்டேன் புள்ள. நீ பேசு. நீ வெச்சரட்டுமான்னு கேக்கற வரைக்கும் நான் வாயே தொறக்கல" என்றார். அந்த அம்மா, "பேசறக்கு என்னங்க இருக்குது?" என்றார்.

"அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியே. நாளைக்குள்ள சொல்லோணும்னு."

"அது முடிஞ்சு போச்சுங்க."

"பரவால்ல, சொல்லு."

அந்த அம்மா சொன்னார். கோபமே இல்லாமல், பழைய செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார். அருவங்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. சாரிடம் சொல்லாமலே மனுப் போட்டு, ஒரு சனிக்கிழமை வந்து இன்டர்வியூவும் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். சார் சந்தோஷப்படட்டும் என்று கடைசியில் சொல்ல நினைத்திருக்கிறார். குழந்தைக்கு வீசிங் நின்று ஒரு வருஷம் ஆகிறது, மலைக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அரைப்பரீட்சை லீவு முடிந்ததும் வந்து சேர வேண்டும். சம்மதமா இல்லையா என்று மறுநாளைக்குள் பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் அன்றைக்குப் போன் செய்திருக்கிறார்.

"நீங்க முடியாதுன்னுட்டீங்க. நாங்க அங்க வர்றது உங்களுக்குப் புடிக்கலையாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டு, வர்லீன்னு எழுதிக் குடுத்துட்டனுங்க. இப்ப வேற டீச்சரு சேந்துட்டாங்க."

"நீ என்னையக் கோயமுத்தூருக்கு வரச் சொல்றயாட்டம் இருக்குதுன்னு நான்... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல புள்ள?"

"தொப்பியப் பாத்தே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சனுங்க. பாப்பா அங்க வர்றான்னுதானே புதுசா வாங்கி முன்னாடியே அனுப்பினேன்."

சார் திரும்பி மோடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குஞ்சமும் நாடாவுமாக அது சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா கடைசியில், "சோறு தின்னீங்களா? வெச்சரட்டுங்களா?" என்று கேட்டார். சார் "ம்" என்றார். பிறகு எழுந்து, முடிச்சை அவிழ்த்து, தொப்பியை எடுத்தார். உள்பக்கம் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. அதுவரை அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மோடம் மொட்டைத் தலையோடு கத்தியது. பக்கத்து அறையிலிருந்து புகார் வந்தபோது, "கத்தட்டுமுங்க" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு எப்படியாவது அவர்களை மேலே வரவழைத்துவிட அவர் நடையாய் நடந்தார். அருவங்காட்டிலும் குன்னூரிலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினார். தேயிலை விலை விழுந்து ஊரே ஒடுங்கிக் கிடந்த நேரம். எந்தப் பள்ளிக்கூடமும் புதிதாக ஆள் எடுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வா என்று அவராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் வேலையே ஊசலாடிக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கு முன்னால் அதுவும் போனது. ஏற்பாடுதான் தானாக ஓடுகிறதே, ஆள் எதற்கு என்று மேலிடம் கேட்டதாம். கோயம்புத்தூரில் தேடினார், கிடைக்கவில்லை. பெங்களூரில்தான் கிடைத்தது, அங்கேயும் தனியறைதான். போகிற அன்று மேஜையைக் காலி செய்தபோது தொப்பியை என்னிடம் நீட்டினார். "வீட்டுக்குக் கொண்டுபோனா அவ பாத்துட்டு வருத்தப்படுவா. தூக்கிப்போடவும் மனசு வர்லீங்க. நீங்க வெச்சுக்கங்க அம்மிணி" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. நான் சொல்லி முடிப்பேன் என்று காத்து நின்றார். சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தொப்பியை வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் மூன்று பேரும் நாலு நாள் சேர்ந்தாற்போல ஒரே வீட்டில் இருந்தது மகள் கல்லூரிக்குப் போன பிறகு வந்த சில விடுமுறைகளில்தான். இப்போது சார் ஓய்வுபெற்று மனைவியோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். மகள் ஹைதராபாத்தில், அவளுக்கும் ஒரு பெண்குழந்தை. அந்த அம்மா எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சார் சொல்வார். மகளும் மரியாதையாகத்தான் இருக்கிறாள். மரியாதையாக மட்டும் இருக்கிறாள் என்பதுதான் அவர் குறை. பாதியில் அறுந்த ஃபைலை மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிவிடலாம். ஒரு குழந்தையின் நாலு வயதையும் ஐந்து வயதையும் யாரிடம் போய்க் கேட்பது? நினைக்க நினைக்க எனக்கே ஆறவில்லை. அவர் எப்படி ஆற்றிக்கொண்டார் என்று தெரியவில்லை.

நான் இன்னும் தேயிலைத் தொழிலில்தான் இருக்கிறேன், வேறொரு அலுவலகத்தில். ஃபைல்கள் கண்மூடித் திறப்பதற்குள் வந்து விழுகின்றன. எங்கள் அலுவலகப் பையன்கள் போனில் பேசினால் பேச்சு முடிந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல் வெட்டிவிட்டுப் போகிறார்கள். எங்கே சேர்ந்து இந்த வழக்கத்தைக் கற்றுக்கொண்டார்களோ, நாலு போடலாம்போல இருக்கும்.

போன வாரம் சார் கூப்பிட்டார். மகள் கோடை லீவுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்கு வரப்போகிறாளாம். போகிற வழியில் கோயம்புத்தூரில் நாலு நாள் தங்கேன், நாங்களும் உங்களோடு ஊட்டிக்கு வருகிறோம் என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னாங்க சார்?"

"'பாக்கலாம்ப்பா'ன்னு சொல்லியிருக்குதுங்க. அப்பறம் ஒண்ணுஞ் சொல்லலை."

"நீங்களே ஒருக்கா கேளுங்களேன்."

"இல்லீங்க அம்மிணி. அது இன்னும் சொல்லி முடிக்கலீங்க. முடிக்கட்டும்."

குன்னூரில் குளிர் எப்படி என்று கேட்டார். காலையில் பனி இறங்குகிறது என்றேன். "அந்தத் தொப்பி இருக்குதுங்களா?" என்றார். இருக்கிறது என்றேன். பேத்திக்கு இப்போது நாலு வயது என்றார். பிறகு, "வெச்சரட்டுங்களா?" என்று கேட்டார். "வெய்ங்க சார்" என்றேன். அப்புறமும் அவர் வைக்கவில்லை. நான் இன்னும் ஏதாவது சொல்வேனோ என்று காத்துக்கொண்டிருந்தார். நான்தான் முதலில் வைத்தேன். அலமாரியைத் திறந்து தொப்பியை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த கடைச் சீட்டைத் தண்ணீர் தொட்டு மெல்ல உரித்துவிட்டு, ஜன்னலோரம் வெயிலில் போட்டேன். ஹைதராபாத்திலிருந்து சாரின் மகள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.